டெல்பினிடம் கேட்ட பிற்பகல்

பேறுகால வேதனையில் பெண்கள் பற்றிக்கொண்ட பெருங்கரமே, பிறந்த பிள்ளைகளை முதலில் ஏந்திய பேரன்பே, பணிநிறைவு காணும் எங்கள் தலைமைச் செவிலியர் எஸ்தர் ரூபாவதி அம்மையீர்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து வார்டுக்குப் போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே அவையோரை நோக்கி, அம்மாவின் ஒரு பிற்பகலை மட்டும் சொல்லி அமைகிறோம்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ரெக்சன் என்பவர் தம் மனைவி டெல்பினைத் தலைப்பிரசவத்துக்கு நம் மருத்துவமனையில் சேர்த்திருந்தார். காலையில் தொடங்கிய வலி பிற்பகலாகியும் பிள்ளையை இறக்கவில்லை. பனிக்குட நீர் பச்சையாக வந்தது. பிள்ளையின் இதயத்துடிப்பு தளர்ந்து தளர்ந்து எழுந்தது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ரெக்சன் கையெழுத்துப் போட மறுத்தார். டெல்பினுக்குக் கத்தி படாமல் சுகப்பிரசவம் ஆகும் என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்ததாக, உடன் வந்திருந்த சபை மூப்பர் பர்னபாஸ் சொல்லியிருந்தார். கையெழுத்துப் போட்டால் அது அவிசுவாசம் ஆகிவிடுமே என்று ரெக்சன் நடுங்கினார்.

பர்னபாஸ் வேஷக்காரர் அல்லர். அம்மாவுக்கும் அதே சபைதான். அம்மாவின் மகன் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது உபவாசமிருந்து ஜெபித்தவர் அவர். பிள்ளை பிழைப்பான் என்றார், பிழைத்தான். அந்த மனிதரின் சொல்லை எப்படித் தட்டுவது? உங்கள் சபைக்காரர்கள்தானே, நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று டாக்டர் அவசரப்படுத்தினார். பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ரெக்சனின் தாயார் அழுதார். அவ்வளவு தூரம் பிள்ளை தாங்காது என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஆண்டவரின் குரல் எதுவும் வரவில்லை என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார். வெளியே பர்னபாஸின் ஜெபம் உயர்ந்துகொண்டிருந்தது. உள்ளே, மூப்பரை எதிர்த்தால் சபையில் என்ன பேசுவார்களோ என்ற பயம்தான் பேசியது. அந்தப் பயத்தையே ஆண்டவரின் சத்தம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சுவருக்கு அப்பால் டெல்பின் முனகினாள். இத்தனை பேர் பேசியும் அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது.

கட்டிலருகே குனிந்து, பிள்ளையின் நிலையை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "நீ என்னம்மா நெனைக்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் எனக்காகப் பேசுதாவ, சிஸ்டர். எம் பிள்ள அசைவு கொறஞ்சிக்கிட்டே வருது. ஆபரேசன் பண்ணிருங்க."

டெல்பின் தன் கையாலேயே கையெழுத்திட்டாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பர்னபாஸ் வழியில் நின்றார்.

"ஆண்டவர் சொன்னத மீறுதியாம்மா?"

அம்மா கட்டிலின் பிடியை விடவில்லை. "எனக்கு ஒரு சத்தமும் கேக்கல, ஐயா. இவ சொன்னதுதான் கேட்டுது. வழி விடுங்க."

அவர் விலகினார்.

கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துப் பிறந்த பெண்பிள்ளை அழவில்லை. அம்மா அதன் வாயையும் மூக்கையும் துடைத்து, முதுகைத் தேய்த்து, முகத்தில் வைத்த காற்றுப்பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார். பூனைக்குட்டியின் குரல்போல் ஒரு சிறு சத்தம் எழுந்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

மறுநாள் பர்னபாஸ் தனியாக வந்தார். பிள்ளையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குக் கேட்டது என் ஆசையாத்தான் இருந்திருக்கும் போல" என்றார். அம்மா குத்திப் பேசவில்லை. பிள்ளையை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஜெபிக்கச் சொன்னார். மடைதிறந்தாற்போல் ஜெபிக்கும் அந்த மனிதர், அன்று வாய் திறக்காமல், பிள்ளை உறங்கும்வரை அப்படியே நின்றார்.

அம்மையீர்! தாங்கள் இல்லாத இந்த வார்டில் இனியும் பல குரல்கள் ஒரே நேரத்தில் எழும். கட்டிலில் கிடப்பவளிடம் முதலில் போய்க் கேட்போம் என்று தங்கள் முன்னிலையில் வாக்களிக்கிறோம். நோயற்ற உடலும், நிறைந்த ஆயுளும், நிம்மதியான உறக்கமும் தங்களுக்கு வாய்க்க, தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் அனைவரின் நெஞ்சும் வேண்டுகிறது.

அன்பு மாறாத,
பிரசவ வார்டுச் செவிலியர், ஆயாமார், ஊழியர்
அம்பாசமுத்திரம்