டில்லரில் நான் போட்ட முடிச்சு

விழாத் தலைமை ஏற்று, வியர்வையின் வாசம் அறிந்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, வெண்டைக்கும் வாழைக்கும் வழிகாட்டும் வேளாண்மை அலுவலர் அவர்களே, முறுக்கிய மீசையோடு முன்வரிசையில் அமர்ந்து, முதல் ஆளாகத் தேநீரையும் முடித்துவிட்ட அண்ணாச்சிமார்களே, களையெடுத்த கையைக் கழுவிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மணிராஜின் வணக்கம்.

பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன் நான். மைக்கை அவ்வளவு சீக்கிரம் விடமாட்டேன். பயப்பட வேண்டியவர்கள் இப்போதே பயந்துகொள்ளலாம்.

இன்று நம் ஆற்றங்கரைக் காய்கறிக் குழுவில் பத்துப் பேருக்குக் கையில் பிடித்து உழுகிற குட்டி டில்லர் வழங்குகிறார்கள். அதை வாழ்த்திப் பேசு என்று என்னை ஏற்றிவிட்டார்கள். வாழ்த்தத்தான் நினைக்கிறேன். ஆனால் இருபது நாளாக நெஞ்சை ஆட்டும் அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லையே, என்ன செய்வேன்?

இந்த ஊரில் முதல் டில்லரை வாங்கியவன் யார்? நான். மாடு நுழைய முடியாத கத்தரிப் பாத்திக்குள் அதை நுழைத்தவன் யார்? நான். மூன்று நாள் மண்வெட்டி வேலையை முற்பகலில் முடித்துவிட்டு, அதைத் துடைத்துத் துடைத்து அழகு பார்த்தவன் யார்? நானேதான். என் மனைவி ஜெமிமா சொன்னாள், கல்யாணத்தன்றுகூட நான் அவளை அப்படிப் பார்க்கவில்லையாம். சிரிக்கலாம் தாய்மார்களே, அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த மிஷினின் கைப்பிடியில் ஒரு லீவர் உண்டு. அழுத்திப் பிடித்தால் கத்தி சுழலும், கையை விட்டால் கத்தி நிற்கும். ஒரு பாத்தி முடிவதற்குள் விரல் கடுத்துப்போகும். நான் என்ன செய்தேன்? வாழைத் தோட்டத்தில் எதைக் கட்டவும் நமக்கு இருப்பது வாழைநார். வாய்க்கால் தண்ணீரில் நனைத்து, லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். வெயிலில் காயக் காய நார் இரும்பாகப் பிடித்தது. ஊரே மெச்சியது. எனக்குப் பின்னால் டில்லர் வாங்கி, என்னிடம் வந்து அந்தக் கட்டைக் கற்றுக்கொண்டு போனவர்கள் இந்தப் பந்தலுக்குள்ளேயே ஆறு பேர். தலையைக் குனிய வேண்டாம். ஆறு தலையும் எனக்குத் தெரியும்.

இருபது நாளுக்கு முன் ஒரு காலை, ஜெமிமா நானும் ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள். ஓட்டினாள். நான் வரப்பில் நின்று கேலி செய்துகொண்டிருந்தேன். மண்ணுக்குள் கிடந்த பழைய வாழைக்கிழங்கில் கத்தி மோதியது. மிஷின் துள்ளித் திரும்பியது. அவள் பதறிக் கையை விட்டாள். விட்டால் நிற்க வேண்டிய கத்தி நிற்கவில்லை. சேலையைச் சுற்றியது. காலை இழுத்தது.

அப்போது இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஏட்டி, மிஷின் கவுந்திரும், மிஷினைப் பிடி."

என் மனைவியின் காலைக் கத்தி இழுக்கிறது. நான் மிஷினைப் பிடிக்கச் சொல்கிறேன். கேட்டீர்களா இந்தக் கொடுமையை? எனக்கே நம்ப முடியவில்லை. ஓடிப்போய் முடிச்சைப் பிய்த்தேன். நகம் பிய்ந்தது, நார் பிய்யவில்லை. அணைக்கிற சுவிட்ச் சிவப்பாக முன்னாலேயே இருந்தது. என் கண்ணில் படவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த கொம்பையா பாய்ந்து வந்து அரிவாளால் நாரை அறுத்தான். கத்தி நின்றது. இடது காலில் இரண்டு விரல் அதற்குள் போய்விட்டது.

அங்கே யாரோ கேட்கிறீர்கள். ஆறுகிறது தாயி, பைய நடக்கிறாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தவள் என்னிடம் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று.

"மிஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசியிருந்தால் வாங்கியிருப்பேன். அவளோ சிரித்த முகமாகக் கேட்டாள்.

நேற்று அவளே சொன்னாள். "புண்ணு ஆறட்டும், நாந்தான் ஓட்டுவேன். நீங்க ஒண்ணும் கட்டாம இருந்தாப் போதும்."

டில்லர் கெட்டதா? இல்லை. காய்கறித் தோட்டத்துக்கு அது கை கொடுக்க வந்தது. கை கடுத்தால் நிறுத்துங்கள். வரப்பில் உட்காருங்கள், வெற்றிலை போடுங்கள், என்னை வையுங்கள். கையை விட்டால் நிற்கும் என்று செய்து கொடுத்ததை, நிற்காதபடி கட்டாதீர்கள்.

இதற்கு மேல் பேச எனக்குப் பொறுமை இல்லை. மாடக்கண்ணு, நீ முன்பே வாங்கிய டில்லர் வெளியே வண்டியில்தானே இருக்கிறது? அதில் உள்ள கட்டு நான் என் கையால் போட்டுக் கொடுத்தது. நாளைக் காலை உன் மகள் அதை ஓட்டப் போகிறாள் என்று நீயே சற்றுமுன் பெருமையாகச் சொன்னாய். எழுந்து வா. மற்ற ஐந்து பேரும் வாருங்கள், உங்கள் வீடுகளுக்கும் இன்றே வருகிறேன். தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும், மைக்கை வைத்துவிட்டு இறங்குகிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

யாராவது ஓர் அரிவாள் கொடுங்கள்.