சுரங்கத்திலிருந்து மூவரை மீட்கும் முறை

உலகத்தில் நீதி என்று ஒன்று இன்னும் மிச்சம் இருக்குமானால், அது பின்பால் என்னும் பந்தாட்ட மேசையின் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அங்கே சிபாரிசு கிடையாது. மூத்தவன் இளையவன் கிடையாது. பந்து எல்லோருக்கும் ஒரே சரிவில்தான் உருளும். நான் சொல்லும் மேசை ஒரு சலவைக்கடையின் பின்னறையில், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் ஒரு கால் குட்டை. சோப்புப்பெட்டி அட்டையை மடித்து அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறது. கொடுத்தது நான்தான்.

நீங்கள் இந்த ஆட்டத்தை ஆடியதில்லை என்றீர்கள். ஆகவே விதிகளிலிருந்து தொடங்குகிறேன். விதி தெரியாமல் நடந்ததை மட்டும் கேட்டால், என்னைப் பற்றித் தவறான எண்ணம் வந்துவிடும்.

மேசைக்குள் ஓர் எஃகுப் பந்து. அது தானாகக் கீழே உருண்டு வரும். அடிக்குழியில் விழுந்தால் அந்தப் பந்து போயிற்று. விழாமல் மேலே தட்டிவிட இரண்டு துடுப்புகள், பக்கத்துக்கு ஒரு பொத்தான். ஆளுக்கு மூன்று பந்து. இரண்டு பேர் ஆடினால் மாற்றி மாற்றி. மேசையைப் பிடித்து உலுக்கினால் இயந்திரம் கோபித்துக்கொண்டு எல்லா விளக்கையும் அணைத்துவிடும், அந்தப் பந்தின் கதை அத்தோடு முடிந்தது. கூடுதல் பந்து என்று ஒன்றும் உண்டு. அதற்கான விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. ஓரத்தில் இருக்கும் சின்னக் குழிக்குள் பந்தைப் போட்டு அதை வாங்கிக்கொள்ள வேண்டும். சமையல் வாசனை வந்தால் வயிறு நிறைந்துவிடுமா என்ன? என் கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆமாம், நான் எழுதுகிறவன். புதிய மேசை எது வந்தாலும் அதன் விதிகள், ஆடும் உத்தி, என் அபிப்பிராயம் மூன்றையும் இணையத்தில் எழுதுவேன். வாசகர்கள் என்னை ஆசான் என்று அழைக்கிறார்கள். முதலில் அப்படி அழைத்தது யார் என்று தோண்டிப் பார்த்தால் நான்தான் என்று தெரியவரும். ஆனால் பிறகு மற்றவர்களும் அழைத்தார்கள்.

இந்தப் புது மேசையின் பெயர் 'சுரங்கம்'. மண் சரிந்து மூன்று தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். கம்பிவலைக்குப் பின்னால் மூன்று சிறிய பொம்மைகள், தலையில் விளக்கோடு. நேர்த்தியான வேலை, ஒருவனுக்கு மீசைகூட உண்டு. மேலே ஐந்து காற்று விளக்குகள் எரியும். ஒவ்வொன்றாக அணையும். ஒரு பெண்குரல் "காற்று குறைகிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். குரலில் அழுகை கொஞ்சம் தூக்கல் என்பதைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பந்தை லிஃப்ட் பாதையில் ஏற்றினால் மூவரும் மேலே வந்துவிடுவார்கள்.

உத்தி எங்கே வருகிறது என்றால், அவர்களை உடனே மீட்டால் கிடைப்பது அற்பமான புள்ளி. கடைசி விளக்கு ஒன்று மட்டும் எரியும்போது மீட்டால் பன்மடங்கு. அதுவும் அணைந்துவிட்டால் ஒன்றும் இல்லை. எனவே கெட்டிக்காரன் அவசரப்பட மாட்டான். அவர்கள் மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கத்துப் பாதையில் பந்தை ஓட்டித் தாது சேகரித்துக்கொண்டு காத்திருப்பான். கையேட்டில் நான் எழுதிய வாக்கியம் பலருக்கும் பிடித்திருந்தது: "இந்த மேசையில் இரக்கம் என்பது கணக்குத் தெரியாதவனின் பழக்கம்."

இனி என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் எல்லோருக்கும் செல்லம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவனுக்கு முதலில் நாற்காலி போடுவார்கள், எனக்கு அப்புறம் தேடுவார்கள். கையேட்டை ஒரு பக்கம்கூடப் படித்தவன் இல்லை. ஆடத் தொடங்கும் முன் மேசையில் பெயர் பதிய வேண்டும். நான் ஆசான் என்று பதிந்தேன். உனக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"ஏதாச்சும் போடுங்க அத்தான். சும்மாதானே ஆடுறேன்."

சும்மா என்றே போட்டேன்.

அவன் ஆட்டம் பார்க்கச் சகிக்காது. சுரங்கம் சரிந்த உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு லிஃப்டை நோக்கி அடிப்பான். காத்திருந்தால் புள்ளி கூடும் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"தெரியும் அத்தான். இருந்தாலும் மனசு கேக்கல. லிஃப்ட்ல மாட்டினவங்கள நான் வெளிய எடுத்திருக்கேன். உள்ள இருக்கிறவனுக்கு ஒரு நிமிஷம் ஒரு வருஷம்."

"அது பொம்மைடா."

"மீசை இருக்குல்ல அத்தான்."

இப்படி ஆடித்தான் அவன் பட்டியலில் முதலிடம் பிடித்தான். எப்படி என்று கேட்காதீர்கள். குருட்டுப் பூனை விட்டத்தில் தாவிய கதை. அற்பப் புள்ளியாகவே சேர்த்துச் சேர்த்து மலையாக்கிவிட்டான். இரண்டாமிடம் எனக்கு. துணி மடித்துக்கொண்டிருந்த சலவைக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் சார், புஸ்தகம் எழுதினவரு ரெண்டாவது, படிக்காதவரு முதலாவது. புஸ்தகத்தைக் கொஞ்சம் மாத்தி எழுதலாமே?"

"விடுங்கண்ணே" என்றான் மைத்துனன். "அத்தான் எனக்காக விட்டுக்குடுத்தாரு."

தோற்றதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெருந்தன்மையைத்தான் பொறுக்க முடியவில்லை. தரையில் விழுந்த சோற்றை எடுத்து ஊட்டிவிடுவதுபோல இருந்தது.

அன்றைய நாளுக்கு வருகிறேன். காலையில் மனைவி சொன்னாள்: "தம்பிக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்லையாம். நெஞ்சைப் பிசையுதாம். கையோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." கூட்டிக்கொண்டுதான் போனேன். சலவைக்கடை வழியில்தான் இருக்கிறது. வழியில் என்றால், சற்றுச் சுற்றுவழி. ஒரே ஒரு ஆட்டம் என்றேன். அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை.

கடைக்காரர் எங்களைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தேய்த்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார். வேறு ஆள் இல்லை. உலர்த்தும் இயந்திரத்தில் யாருடைய படுக்கை விரிப்போ உருண்டுகொண்டிருந்தது. அவன் தன் கோட்டைக் கழற்றி மேசைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். முகம் வெளிறித்தான் இருந்தது. அங்கே குழல்விளக்கின் வெளிச்சத்தில் எல்லோருமே அப்படித்தான் இருப்பார்கள்.

ஆளுக்கு இரண்டு பந்து ஆடி முடித்தோம். என் மூன்றாவது பந்தில் கூடுதல் பந்து விளக்கு எரிந்தது. சின்னக் குழிக்குக் குறிபார்த்து அடித்தேன். பந்து போய்த் தொட்டது. பிறகு உருண்டு வந்து அடிக்குழியில் விழுந்தது. உடனே புதிய பந்து ஒன்று தயாராக வந்து நின்றது. அவன் எழுந்தான்.

"இப்ப என் முறைதானே அத்தான்?"

"இல்லடா. கூடுதல் பந்து வாங்கியிருக்கேன். உக்காரு."

உட்கார்ந்துவிட்டான். விதி விஷயத்தில் என்னை எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை.

அந்தப் பந்து நான் வாழ்நாளில் ஆடியதிலேயே சிறந்தது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. தாதுப் பாதையைச் சுற்றிச் சுற்றி வந்தது. சுரங்கம் சரிந்தது. ஐந்து விளக்குகளில் இரண்டு அணைந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அத்தான், ஒரு மாதிரியா இருக்கு. கோட்டுப் பையில மாத்திரை இருக்கு. எடுத்துத் தாங்களேன்."

துடுப்பை உயர்த்திப் பிடித்தால் பந்து அதன் மடியில் அப்படியே நிற்கும். நல்ல ஆட்டக்காரன் நிதானிக்க அப்படித்தான் செய்வான். நானும் செய்தேன். வலது கை பொத்தானில். இடது கை காலி. கோட்டு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. எதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த இடது கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டேன், உள்ளங்கை வியர்த்திருந்தது. வியர்த்த கையோடு ஆடக்கூடாது, கையேட்டில் இருக்கிறது.

மாத்திரையைத் தானே எடுக்க அவன் எழுந்து வந்தான். கோட்டை எட்டுவதற்கு முன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மேசை லேசாக அதிர்ந்தது. எச்சரிக்கை விளக்கு ஒருமுறை மின்னியது.

"மேசையைத் தொடாதடா."

"விட்டா விழுந்துருவேன் அத்தான்."

நான் அவனை அடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. இடுப்பால் சற்று ஒதுக்கினேன், பேருந்தில் இறங்கும் இடம் வந்தால் ஒதுக்குவோமே அதுபோல. அவன் உலர்த்தும் இயந்திரத்தின் கதவோரம் சரிந்தான். என் பையில் கைபேசி அதிர்ந்தது. மனைவிதான், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க. நான்காவது விளக்கு அணையும் நேரம், எடுக்க முடியவில்லை.

"அத்தான்" என்று இன்னும் ஒருமுறை கேட்டது. பிறகு "காற்று குறைகிறது" என்ற குரல் மட்டும்.

கடைசி விளக்கு மட்டும் எரிந்தது. நான் காத்திருந்தேன். அது மினுக்கத் தொடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு லிஃப்டுக்குள் ஒரே அடி. பொம்மைகள் மேலே வந்தன. மணி அடித்தது. "மூவரும் உயிரோடு மீட்கப்பட்டனர்" என்று இயந்திரம் அறிவித்தது. அந்த மேசை கண்டிராத எண்ணிக்கை திரையில் ஓடியது. அந்தப் பந்து விழும்வரை முறையாக ஆடி முடித்தேன். திரையைப் படம் எடுத்தேன். அதன் பிறகுதான் ஆம்புலன்சை அழைத்தேன். திரை கொஞ்ச நேரத்தில் மாறிவிடும். ஆம்புலன்ஸ் எண் மாறாது.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம் அது.

யாரும் சந்தேகப்படாதபோது ஏன் நீங்களாக ஸ்டேஷனுக்கு வந்தீர்கள் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மனைவிக்காகக் காத்திருந்தபோது அந்தப் படத்தை வாசகர்களுக்குப் போட்டேன். 'உத்தி வென்றது' என்று ஒரு வரி. முதல் பதில் உடனே வந்தது: "ஆசானே, இது சும்மாவோட ஸ்கோர் ஆச்சே." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி முழுக்க வலதுபக்கக் கட்டத்தில், இரண்டாம் ஆட்டக்காரன் கணக்கில் இருந்தது. சின்னக் குழியின் விளிம்பை முத்தமிட்ட என் பந்து உள்ளே விழாமலே திரும்பியிருக்கிறது. கூடுதல் பந்தை நான் வாங்கவே இல்லை. அவன் கேட்டது சரி. அது அவன் முறை.

அதன் பிறகு நடந்ததுதான் அநியாயம். சலவைக்கடைக்காரர் அவன் படத்தை மேசைக்கு மேல் மாட்டிவிட்டார். "கடைசி பந்துல, நெஞ்சு வலியோட, இப்படி ஒரு ஆட்டம் ஆடியிருக்கான் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். என் வாசகர்கள் அவன் உத்தியைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். அவன் உத்தி! மனைவி நான் எடுத்த அந்தத் திரையின் படத்தைக் கைபேசி முகப்பில் வைத்திருக்கிறாள். "பொம்மைங்களக்கூட காப்பாத்திட்டுத்தாங்க போயிருக்கான்" என்றாள். "ஜெயிச்சுட்டுத்தான் போயிருக்கான். அது ஒண்ணுதாங்க எனக்கு ஆறுதல்."

அவள் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டேன். ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தை ஆடியது அவன் இல்லை. அவன் தரையில் கிடந்தான். மாத்திரை கேட்டான், நான் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டான், நான் ஒதுக்கினேன். அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். கடைசி விளக்குவரை காத்திருந்தது நான். இதில் என் கையெழுத்தும் உங்கள் முத்திரையும் விழுந்தால் போதும். மனைவிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உண்மை யாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

பெயரை மாற்றித் தரும்படி மேசை செய்யும் கம்பெனிக்கும் எழுதியிருந்தேன். இன்று காலை பதில் வந்தது. யார் முறையோ அவர் கணக்கில்தான் புள்ளி சேருமாம். பொத்தானை அழுத்தியது யார் கை என்று இயந்திரம் பார்ப்பதில்லையாம். ஆதாரமாக என் கையேட்டிலிருந்தே ஒரு வரியை எடுத்துக் காட்டியிருந்தார்கள்.

இப்போதைக்குப் பட்டியலில் முதலிடம் சும்மா. இரண்டாமிடமும் சும்மா. நான் மூன்றாவது.