இடது பக்கத்து பேரிங்

கோபப்படுங்க சார், தப்பே இல்ல. போன வாரம்தான் பேரிங் மாத்திட்டுப் போனீங்க, அதே சத்தம் அப்படியே இருக்குன்னா யாருக்குத்தான் வயிறு எரியாது? நானா இருந்தா இந்நேரம் சட்டையப் பிடிச்சிருப்பேன். திட்டுறத மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம், வெளிச்சத்துல வந்து நின்னு திட்டுங்க. ஆங், அப்படித்தான்.

வேற ஷெட்டுக்குப் போறீங்களா? தாராளமா போங்க. ஆனா நாளைக்குக் காலையில பொண்ணையும் கைக்குழந்தையையும் ஏத்திக்கிட்டு அவ்வளவு தூரம் போகணுங்கறீங்களே, அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. பேரிங் முத்திப்போனா சக்கரம் ஆட ஆரம்பிச்சிடும் சார், வெளையாட்டு இல்ல. சாவியக் குடுங்க. ஒரே ஒரு ரவுண்டு. நீங்களும் கூட வாங்க.

அதுக்கு முன்னாடி இதப் பாருங்க. உங்க வண்டியில கழட்டினது, முன்னாடி இடது பக்கம். பிரஸ் மெஷின்ல வெச்சு அழுத்தி வெளிய தள்ளும்போதே பிஞ்சுடும், மறுபடி போட முடியாது, அது எப்பவும் அப்படித்தான். ஆனா உள்ள குண்டு ஓடுற எடத்த விரலால தடவுங்க. கெட்டுப்போனதுன்னா குழி குழியா, சொரசொரன்னு இருக்கணும். இது எப்படி இருக்கு? வழவழன்னு இருக்குல்ல? ஆமா சார். நல்ல பேரிங். நல்லதத் தூக்கிப் போட்டுட்டு கெட்டத உள்ளயே விட்டுட்டேன்.

ஐயோ, ஏமாத்தல சார். சத்தியமா இல்ல. நேத்து சாயங்காலம்தான் இதக் கழுவிப் பாத்தேன். பாத்ததும் போன் பண்ணியிருக்கணும்தான். போன்ல பேசுறது நமக்குச் சரிப்பட்டு வராது. இன்னிக்கு நேர்ல வீட்டுக்கே வரலாம்னு கிளம்பிட்டிருந்தேன், நீங்களே வந்துட்டீங்க.

எப்படித் தப்பு வந்துச்சுன்னா, ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஆட்டம் இல்ல. ஸ்பிரிங் மேல கைய வெச்சுக்கிட்டுச் சுத்தினேன். இடது பக்கம் லேசா கிர்ருன்னு கைக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. நெஜமாவே இருந்துச்சா, இருக்கணும்னு நானா நினைச்சுக்கிட்டேனா, இப்பக் கேட்டா தெரியல. கையால பாக்குறது பாதிதான் சார். மீதி ரோட்டுலதான். ஓட்டிக்கிட்டே ஸ்டீயரிங்க வலது பக்கம் ஒடிச்சா பாரம் இடது சக்கரத்துல வந்து உக்காரும். அப்ப சத்தம் ஏறுச்சுன்னா இடது பேரிங் போச்சு. இடது பக்கம் ஒடிக்கும்போது ஏறுச்சுன்னா வலது.

அந்த ரோட்டு வேலைக்கு எப்பவும் என் வீட்டுக்காரி வருவா. சிரிக்காதீங்க, நெஜமாத்தான். டெஸ்ட் டிரைவ்னு சொன்னா போதும், மூஞ்சி கழுவி, தலை சீவி, பவுடர் போட்டுக்கிட்டு வந்து பக்கத்து சீட்ல உக்காந்துடுவா. ரிப்பேர் பாக்குறீங்களா, ஜோடியா ஊர் சுத்துறீங்களான்னு எதிர்க் கடைக்காரர் கேப்பாரு. ரெண்டும்தான், உங்களுக்கென்னன்னு இவ ஒரே போடா போடுவா. மொதல்ல சும்மா காத்து வாங்கத்தான் வந்தா. அப்புறம் என்னையே மிஞ்சிட்டா. தூரத்துல மாவு மில்லு ஓடுதுன்னு சொன்னான்னா அது பேரிங். ரோடு மாறுனதும் சத்தமும் மாறுச்சுன்னா, இது டயருதான், கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்கம்பா. ஒரு தடவகூடத் தப்பினதில்ல.

அவ எங்கேன்னா... போன மாசம் போயிட்டா சார். காய்ச்சல்னு படுத்தா. ஆறே நாள்.

பரவால்ல, பரவால்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்? ஷெட்டப் பூட்டிட்டு வீட்லயே கெடந்தேன். தெறந்ததும் வந்த மொத வண்டி உங்களுது. தனியா ஓட்டிட்டுப் போனேன். பக்கத்துல திரும்பவே இல்ல, திரும்பினா அழுகை வந்துடும். பேரிங் மாத்திட்டு மறுபடி ஓட்டினேன். சத்தமே வரல. அப்பாடா, சரியாயிடுச்சு, அவ இல்லாமலும் நம்மால முடியும்னு நினைச்சுட்டேன். என்ன புத்தி பாருங்க.

சாவி குடுத்ததுக்கு ரொம்ப நன்றி சார். ஏறுங்க. பெல்ட்டப் போடுங்க, கண்ணாடிய ஏத்திடுங்க. அந்தக் குடோன் ரோட்டுல ஈ காக்கா இருக்காது, அங்க போலாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், வண்டி ஓடும்போது எங்கிட்ட வாயால எதுவும் சொல்லாதீங்க. நான் ரோட்டப் பாக்கணும், உங்க வாயப் பாக்க முடியாது. எந்தோள்ல தட்டுங்க. சத்தம் ஏறுச்சுன்னா ஒரு தட்டு, எறங்குச்சுன்னா ரெண்டு. அவ அப்படித்தான் சொல்லுவா.

ஆமா சார். காது கேக்காது. ஏழு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போய், இப்ப சுத்தம். அவளுக்கு மட்டுந்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா எவன் சார் வண்டி விடுவான்? பேரிங் மாத்துறதுக்கு முன்னாடி ஓட்டினப்பவும் எனக்குச் சத்தம் வரலங்கறது நேத்து இதக் கழுவும்போதுதான் மண்டையில ஏறுச்சு. வண்டிய எடுக்கட்டுமா?

இப்ப வலது பக்கம் ஒடிக்கிறேன். ரெண்டு தட்டு. சரி. இப்ப இடது பக்கம்.

ஒண்ணு. வலது பேரிங்தான் சார். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன், நிம்மதியா போயிட்டு வாங்க.

கைய எடுத்துடாதீங்க சார். ஷெட்டு வர்ற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்.