தலைவருக்கு எந்த வருஷத்து எல் கமீனோ?

கிளேத்தோ: அதுல கை வைக்காதீங்க மச்சான், பெயிண்ட் இன்னும் காயல.

உபால்டோ: எல் கமீனோ வண்டியைத் தொட்டுத்தான் அறிய வேண்டும், கிளேத்தோ. கண்ணால் பார்ப்பவன் வெறும் வாடிக்கையாளன். கையால் தொடுபவனே ரசிகன்.

ஓர்லிண்டா: ரசிகரே, சட்டையில நீலம் ஒட்டியிருக்கு.

உபால்டோ: நீலமா? ...ஆமாம், நீலம். ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக்கே உரிய நீலம்.

கிளேத்தோ: இது எழுபது மச்சான். அம்பத்தொம்பது அங்க நிக்குது. பின்னால ரெக்கை விரிச்சுக்கிட்டு...

உபால்டோ: தெரியும். உன்னைச் சோதிச்சேன்.

கிளேத்தோ: என் கடையில, என் வண்டிய வச்சு, என்னையே...

ஓர்லிண்டா: விடுடா தம்பி. முப்பது வருஷமா என்னை இப்படித்தான் சோதிக்கிறாரு.

உபால்டோ: விஷயத்துக்கு வருவோம். அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ரிவர்சைட் ரோட்டில், வண்டிகளைத் தரையோடு தாழ்த்தி ஓட்டும் நம் தாழ்வண்டிச் சங்கத்தின் ஊர்வலம். தலைவரின் வண்டி எல்லாவற்றுக்கும் முன்னால், நத்தை வேகத்தில், தரையைத் தொடாத குறையாக...

ஓர்லிண்டா: போன வருஷம் தலைவர் எதுல போனாரு?

உபால்டோ: அது இப்ப எதுக்கு?

ஓர்லிண்டா: மக காருல. பின்சீட்டுல பேரனோட தொட்டில். ஜன்னல்ல சங்கக் கொடி.

கிளேத்தோ: அந்த கார் கூட நல்லாத்தான் இருந்துச்சு...

உபால்டோ: அதனாலதாண்டா இந்த வருஷம் சொந்த வண்டி! எல் கமீனோ பத்தி நூலகத்துல மூணு தடவை பேசியிருக்கேன். முன்பாதி கார், பின்பாதி லாரி. மனிதனின் இரு இயல்புகள். ஒன்று உல்லாசம், மற்றொன்று...

ஓர்லிண்டா: சாணி மூட்டை.

உபால்டோ: ...உழைப்பு.

கிளேத்தோ: சரி, என்ன முடிவு? அம்பத்தொம்பதா, எழுபதா, எழுபத்திரண்டா? மூணும் இருக்கு.

உபால்டோ: ஐம்பத்தொன்பது அழகு. ஆனால் திமிர் பிடித்த அழகு. ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும். பலவீனமான கைக்கு ஆகாது.

கிளேத்தோ: யாரோட பலவீனமான கை?

உபால்டோ: பொதுவாச் சொன்னேன். ஆகவே எழுபது. ஓட்டுவதற்கு இலகு. தானே கியர் மாறும். பிரேக்கில் ஒரு சின்னக் கால் வைத்தால் கூட நிற்கும்.

கிளேத்தோ: மச்சான், தானா கியர் மாறுற வண்டி வாங்குறவன் வீட்டுலயே கெடக்கலாம்னு போன கோடையில மேடையில கத்துனீங்க. நான்தான் மைக் புடிச்சேன்.

உபால்டோ: சிந்தனை வளரும், கிளேத்தோ.

ஓர்லிண்டா: எனக்கு எழுபத்திரண்டு.

உபால்டோ: உனக்கா?

ஓர்லிண்டா: எனக்குத்தான். அந்தச் சீட்டு புடிச்சிருக்கு. இந்தக் கதவுலேர்ந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே பெஞ்சு.

உபால்டோ: எழுபத்திரண்டு ஒரு வருஷமா? முகப்பைப் பார்! எழுபதுக்கு விளக்கு பக்கத்துக்கு ரெண்டு. எழுபத்திரண்டுக்கு ஒண்ணு ஒண்ணுதான். அது பென்ஷன்காரன் வண்டி.

ஓர்லிண்டா: நீ என்ன வாங்குற?

உபால்டோ: ...பென்ஷன்தான். இருந்தாலும்.

கிளேத்தோ: அக்கா கேக்குறதுலயும் ஒரு நியாயம் இருக்கு மச்சான். பெஞ்சு சீட்டுன்னா நடுவுல ஒட்டி உக்காரலாம். நம்ம ஊர்ல பொண்ணுங்க எல்லாம் அப்படித்தானே... ஓட்டுறவன் தோள்ல சாஞ்சுக்கிட்டு...

ஓர்லிண்டா: கல்யாணத்துக்கு முன்னால இவரு பழைய லாரியில அப்படித்தான் உக்காந்தேன். இவரு கியர் மாத்துறப்பல்லாம் என் முட்டியில இடிக்கும். மன்னிப்பே கேக்க மாட்டாரு.

உபால்டோ: அதெல்லாம் வாலிபம். எழுபதில் இரண்டு தனித்தனி இருக்கைகள். நடுவில் ஒரு பெட்டி. தனிமனிதச் சுதந்திரத்தின் உச்சம்! ஒருவர் முன்னால் நகர்ந்து கொள்ளலாம், மற்றவர் பின்னால் காலை நீட்டிக் கொள்ளலாம். ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் நகர வேண்டியதில்லை.

ஓர்லிண்டா: யாரு முன்னால நகரப் போறா?

உபால்டோ: தத்துவமாச் சொன்னேன்.

ஓர்லிண்டா: எனக்குப் பக்கத்துல உக்காரணும்.

உபால்டோ: பெட்டி மேல ஒரு கிளாஸ் வைக்கலாம். ரெண்டு பர்ரிட்டோ ரொட்டி வைக்கலாம்...

ஓர்லிண்டா: எனக்கும் உனக்கும் நடுவுல பர்ரிட்டோவா?

கிளேத்தோ: எழுபத கேட்டு சான்டா ஃபேலேர்ந்து ஒருத்தர் மத்தியானம் வர்றாரு. பல் டாக்டர்.

உபால்டோ: பல் டாக்டர் கையில எழுபதா! வேணாம். நான் எடுத்துக்கிறேன்.

ஓர்லிண்டா: பெஞ்சு இல்லன்னா நான் ஊர்வலத்துக்கு வரல. நீ தனியா போ.

உபால்டோ: தனியாவா? ...நீ இல்லாம எப்படி?

ஓர்லிண்டா: ஏன், ஸ்டியரிங் ரெண்டா இருக்கு?

கிளேத்தோ: சண்ட எதுக்கு? மச்சான், எழுபத எடுத்து ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. மனசு தானா சொல்லும்.

உபால்டோ: வாங்குவதற்கு முன் ஓட்டக் கூடாது. சங்கத்தின் கோட்பாடு.

கிளேத்தோ: எப்பலேர்ந்து?

உபால்டோ: போன மாசத்துலேர்ந்து.

கிளேத்தோ: போன மாசக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேனே...

உபால்டோ: நீ எந்திரிச்சுப் போனதுக்கப்புறம் நிறைவேத்துனோம்.

கிளேத்தோ: சரி, உக்காந்தாவது பாருங்க. இந்தாங்க சாவி.

உபால்டோ: ம்.

கிளேத்தோ: சாவி, மச்சான்.

உபால்டோ: குடு, குடு.

கிளேத்தோ: நீட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்.

உபால்டோ: ...எங்க?

ஓர்லிண்டா: அவரு கையில வைடா.

உபால்டோ: வெயில் மூஞ்சியில அடிக்குது.

ஓர்லிண்டா: வெயில் முதுகுப் பக்கம்.

உபால்டோ: அப்ப கண்ணுல தூசி.

ஓர்லிண்டா: சொல்லுய்யா. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

உபால்டோ: ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. மலை தெரியுது, வேலி தெரியுது. நடுவுலதான்... யாரோ கட்ட வெரலால அழிச்ச மாதிரி. லைசென்ஸ் ஆபீஸ்ல எழுத்துப் பலகையக் காட்டுனாங்க. நான் பலகையச் சுத்தியிருந்த மரச் சட்டத்தப் பத்தி நல்லாச் சொன்னேன். லைசென்ஸ வாங்கி வச்சுக்கிட்டாங்க.

ஓர்லிண்டா: தெரியும்.

உபால்டோ: எப்படி?

ஓர்லிண்டா: மூணு வாரமா கடைக்கு நடந்து போற. தேக ஆரோக்கியம்னு பிரசங்கம் பண்ற. காப்பியில உப்பு போட்டுக் குடிச்சுட்டு, பழைய ஸ்பானியர் முறைங்கிற.

உபால்டோ: சரி... நீதான் ஓட்டணும். அதத்தான் எப்படிக் கேக்குறதுன்னு... பெஞ்சு சீட்டுன்னா நீ முன்னால இழுப்ப, மொத்தச் சீட்டும் வரும். என் முட்டி தாடையில வந்து நிக்கும். எழுபதுன்னா உன் சீட்டு மட்டும் நகரும். அதுக்குத்தான்.

ஓர்லிண்டா: தனிமனிதச் சுதந்திரம்.

உபால்டோ: சிரிக்காத. ஊரே நாற்காலி போட்டு உக்காந்திருக்கும் ஓர்லிண்டா. சங்கத் தலைவன், இருபத்தஞ்சு வண்டிக்கு முன்னால, பொண்டாட்டி ஓட்ட, பக்கத்துல பையத் தூக்கி வச்ச மாதிரி... அதுக்கு வீட்டுலயே இருந்துடலாம்.

ஓர்லிண்டா: அதனாலதான்யா பெஞ்சு சீட்டு கேக்குறேன். எழுபதுல நீ அந்தக் கோடியில தனியா தெரிவ, என் குள்ளத்துக்கு ஸ்டியரிங் பக்கம் காலியாத் தெரியும். பேய் ஓட்டுதுன்னு ஃபாதர் மந்திரத் தண்ணியோட ஓடி வந்துருவாரு. நேத்து எழுபத்திரண்ட எடுத்துக்கிட்டு ரிவர்சைட்ல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போனேன். இவன்தான் ரோட்டோரம் நின்னு பாத்தான். வேணும்னா கேளு.

உபால்டோ: ...நீயுமாடா? என்னடா தெரிஞ்சுச்சு?

கிளேத்தோ: அக்கா முடி கூடத் தெரியல மச்சான். நடுவுல தன்னை ஒட்டி, உங்க அளவுக்கு ஒரு மாவு மூட்டைய நிமித்தி வச்சுத்தான் ஓட்டுனா... நீங்கதான் வண்டி ஓட்டுறீங்கன்னு நெனச்சு ஆறு பேரு மூட்டைக்குக் கையக் காட்டுனாங்க.