ஹாலெபீக் எழுதுமேசை

ஓக் மரத்துக்குச் சாயம் பூசுவது எனக்குப் பிடிக்காது. பூசினால் மேலோடு நின்றுவிடும். அந்தக் காலத்தில் இங்கே கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரின் மரச்சாமான் தொழிற்சாலைகளில் நாற்காலிகளை ஓர் அறைக்குள் வைத்து, தட்டுகளில் அம்மோனியா ஊற்றிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆவி மரத்துக்குள் இறங்கி அதைப் பழுப்பாக்கும். நாங்களும் அப்படித்தான் செய்வோம். பழைய சாமான்களைச் சரிசெய்யும் எங்கள் பட்டறைக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு சின்ன அறை உண்டு. என் கணவர் லாமர்ட்டை நீங்கள் பார்த்தது அங்கேதான்.

அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லவே நிறைய இருக்கிறது. உடைந்த நாற்காலிக் காலை அவர் ஒட்டினால் ஒட்டிய இடம் தெரியாது. நான் மரத்தைத் தொட்டு வேலை செய்கிறவள் இல்லை, பார்த்துச் சொல்கிறவள். எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம், எது பின்னால் மாற்றியது என்பேன். நான் சொன்ன பிறகு அருங்காட்சியகக்காரர்கள் வேறு யாரையும் கேட்பதில்லை.

அந்த நல்ல பெயர் எனக்குச் சும்மா வரவில்லை. இயந்திரத்தில் செய்த சாமான்களைப் பழம்பொருளாக யாரும் மதித்ததில்லை. பாஸ்டனிலிருந்து வந்த ஒருவர், "கேட்டலாக் பாத்துத் தபால்ல வாங்கினதையெல்லாமா காட்சிக்கு வைப்பீங்க?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். நான் ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். சாதாரண ஜனங்கள் தவணையில் வாங்கி, பிள்ளை பெற்று, சாப்பிட்டு, செத்துப்போனது இவற்றின் மேல்தான். இவற்றிலும் அசல் உண்டு என்றேன். மெல்ல மெல்லத்தான் காது கொடுத்தார்கள்.

போன மாதம் பக்கத்து மாவட்டத்து அருங்காட்சியகத்தில் ஓர் எழுதுமேசையைக் காட்சிக்கு வைத்தார்கள். கீழே மடக்குப் பலகை, மேலே கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. ஹாலெபீக் கம்பெனி செய்ததில் முழுசாக மிஞ்சியது இது ஒன்றுதான் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். லாமர்ட்டும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து பட்டாணி சூப் சாப்பிடும்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஜெசி, சொன்னா கோவப்படக் கூடாது. அந்த மேசையோட மேல்பாதி ஹாலெபீக் இல்ல. இந்தியானால ஒரு பண்ணை ஏலத்துல எடுத்தேன். ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சது நான்தான்."

வேறு வேறு சாமான்களின் பாதிகளைச் சேர்த்து ஒன்றாக்குவதை எங்கள் தொழிலில் கல்யாணம் என்போம்.

"அப்போ மேல ஒட்டியிருந்த கம்பெனி லேபிள்?"

"உடைஞ்ச ஹாலெபீக் டிரெஸ்ஸர்லேருந்து ஆவி காட்டி உரிச்சது."

"இது ஒண்ணுதானா?"

"முதல் தடவை நீ கண்டுபிடிச்சுடுவேன்னுதான் நெனச்சேன், சத்தியமா. கண்டுபிடிக்கல. அப்புறம் சொல்ல வாய் வரல." ரொட்டியைச் சூப்பில் தோய்த்தார். "நம்ம கட்டில்கூட அப்படித்தான். உன் கண்ணுக்கே தெரியலேன்னா, என் கைக்கு அதைவிடப் பாராட்டு என்ன இருக்கு?"

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானப்படுத்த நினைத்தார் போலிருக்கிறது.

"மெஷின்ல ஒரே மாதிரி ஆயிரம் பண்ணித் தள்ளினதுதானே. அதுல என்ன அசல், என்ன போலி?"

பாஸ்டன்காரர் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் நான் குடும்பம் நடத்தியது அவரோடு இல்லை.

"சூப் ஆறுது, சாப்பிடு" என்றேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அன்று சோபாவில் படுத்தேன், நன்றாகவே தூங்கினேன்.

வார்னிஷ் நெடியிலேயே காலம் கழித்ததில் லாமர்ட்டுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. அதனால் அந்த அம்மோனியாப் புகையறையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஜன்னல் பலகையை வெளியிலிருந்து கழற்றி, காற்றோட்டம் விட்டு, முகர்ந்து பார்த்து, "போகலாம்" என்பேன். அவர் உள்ளே போவார். நிச்சயமா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அந்த வாரம் உள்ளே ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அதற்கு ஒரு கைப்பிடி புதிதாகப் போட்டிருந்தார். பழைய நிறத்தோடு அது சேர வேண்டும். காலையில் வந்து, "ஆச்சா, ஜெசி?" என்றார். தட்டுகளை அப்போதுதான் மறுபடி நிரப்பியிருந்தேன். ஜன்னல் பலகையைக் கழற்றவில்லை.

"போகலாம்" என்றேன்.

ஒரு வார்த்தைதான். என் வார்த்தையை அவர் இத்தனை காலம் ஊரெல்லாம் விற்றிருக்கிறார். அதை நம்பிப் போகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று அவரும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

கதவு தானாக மாட்டிக்கொண்டதா என்று கேட்டீர்கள். இல்லை. மூக்கு செத்தாலும் கண் எரியும், தொண்டை அடைக்கும். உடனே திரும்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் தாழ்ப்பாள் போட்டேன். "ஜெசி, ஜன்னல்... ஜன்னலை மறந்துட்ட" என்றார். நான் மறந்துவிட்டதாகத்தான் கடைசிவரை நினைத்தார். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

சத்தம் அடங்கிய பிறகு பலகையைக் கழற்றினேன். எப்போதும் போலக் காற்றோட்டம் விட்டேன். நாற்காலியை முதலில் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். புதுக் கைப்பிடி எது, பழையது எது என்று தெரியவில்லை. அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

ஏன் அவரைக் கொன்றேன் என்றால், உண்மைக்காகத்தான். யாராவது ஒருவர் இந்தப் பொய்யை நிறுத்த வேண்டியிருந்தது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். தட்டச்சு செய்யும்போது, சூப் சாப்பிட்டபோது அவர் சொன்னதை விட்டுவிடுங்கள். கணவனைக் கொன்றாள் என்பது போதும். அந்த ஹாலெபீக் மேசை அசல்தான். நான் பார்த்துச் சொன்னது.