கார் ஷெட்டுக்கு ஏற்ற கல்

கார் நிறுத்துகிற இடத்துக்குத் தரை போடுகிறவர்கள் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது எண்ணெயைத்தான். எடையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், எண்ணெயை ஒருவரும் நினைப்பதில்லை. எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் நின்ற இடத்தில் சொட்டும். இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஜீப்பும் என் வாசலில் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, வாசல் வெறும் மண்தரைதான்.

நீங்கள் கேட்டது சோலைமலையைப் பற்றி. சொல்கிறேன். ஆனால் தரையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் பொன்னுத்துரை. வடமதுரையில் வெங்காய மண்டி வைத்திருக்கிறேன். போன சித்திரையில் மலைத் தோட்டத்து முதலாளி ஒருவரிடமிருந்து பச்சை நிற லேண்ட்மாஸ்டர் கார் ஒன்றை வாங்கினேன். அன்று முதல் எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டிக்கு வருகிறவர்களிடம் வெங்காயத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தால் கார்பரேட்டர் என்று வரும். ஐம்பதை நெருங்குகிற ஆள், காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தேன். வராண்டாவில் தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய்த் தூங்கியிருக்கிறேன்.

ஷெட்டுக்குச் சுவரும் ஓடும் சீக்கிரம் ஏறிவிட்டன. தரைதான் பாடாய்ப் படுத்தியது. கொல்லையில் ஒவ்வொரு வகையிலும் ஒரு பாய் அகலத்துக்குப் போட்டுச் சோதித்தேன். சாணி மெழுகிய மண்தரை ஒரே மழையில் பள்ளம் வாங்கியது. செங்கல் எண்ணெயைக் குடித்துவிட்டுப் பிசுபிசுத்தது. சுண்ணாம்புத் தளம் டயர் திரும்பிய இடத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சிவப்புச் சிமெண்ட் பார்க்க அழகு, ஆனால் ஈர டயர் வழுக்கும், ஜாக்கி விழுந்தால் விரிசல் விடும். ஜாக்கியைத் தூக்கிப் போட்டுப் பார்க்கிற வேலையைச் சோலைமலைக்குக் கொடுத்திருந்தேன். அவன் என் மனைவி சண்முகவள்ளியின் ஒரே தம்பி. கொல்லைக்குப் பின்னால் பூவும் வாழையுமாக அவனுடைய தோட்டம். அவனுக்கும் இந்த விளையாட்டில் கொள்ளை ஆசை.

“மச்சான், எனக்கு இம்புட்டுப் பரிச்சை வச்சிருந்தீகன்னா நான் தாசில்தாராயிருப்பேன்,” என்பான், ஜாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.

வள்ளி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். “என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இதுல பாதிகூடப் பாக்கலியே,” என்பாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இந்த வீடு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. சோலைமலையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் வழி சொன்னதும் அவன்தான். எங்கள் பக்கத்தில் மாடு கட்டிக் கமலை இறைத்த கிணறுகளுக்கெல்லாம் இப்போது கரண்ட் மோட்டார் வந்துவிட்டது. கமலைத் தண்ணீர் விழுவதற்காக விளிம்பில் பதித்த கருங்கல் பலகைகள் சும்மா கிடந்தன. “அம்புட்டு வருசம் தண்ணி கொட்டித் தேயாத கல்லு, உங்க வண்டிக்கா தேயப்போவுது?” என்றான். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு வாங்கினோம். ஒருவர் கல்லோடு கமலை வடத்தையும் கொடுத்தார். கார் மக்கர் செய்தால் கட்டி இழுக்க உதவும் என்று அந்தக் கயிற்றை ஷெட்டின் பின்சுவர் ஆணியில் மாட்டி வைத்தேன்.

கற்களை அடுக்கிப் பார்த்தபோது ஒரு பலகை குறைந்தது. அதுவும் நட்டநடுவில், எஞ்சின் நிற்கிற இடத்தில். சில்லுகளை வைத்து ஒப்பேற்றலாம் என்றார் கொத்தனார் அருளப்பன். எண்ணெய் சொட்டுகிற இடமே அதுதான். அங்கே போய் இடுக்கு விட்டால் இவ்வளவு பாடும் என்னத்துக்கு?

சோலைமலையின் தோட்டத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் பழைய உறைகிணறு ஒன்று உண்டு. அதில் ஒரு கன்றுக்குட்டி விழுந்து செத்தபோது, பக்கத்துக் காட்டுக்காரர் காத்தமுத்து ஊரைக் கூட்டி ஒரே பலகையால் அதை மூடினார். நல்ல அகலம், நல்ல கல். வெளியூர்க் கல்வண்டிக்காரர்களை அழைத்து வந்து அதைக் கிளப்பினேன். வேறு கல் கிடைத்ததும் மூடிவிடுவதாகத்தான் இருந்தேன். அதுவரை ஊர்க் கண்ணில் படக் கூடாது அல்லவா? சோளத்தட்டையைக் குறுக்கே பரப்பி, தென்னங்கீற்றைப் போட்டு, மேலே மண்ணைத் தூவினேன். வேலை அவ்வளவு சுத்தம், செத்த நேரத்தில் எனக்கே இடம் தெரியவில்லை. சோலைமலையிடம் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் தங்காது.

நேற்று அந்தக் கல்லை இறக்கியதும் அது இடத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் கைதட்டினேன். அருளப்பனும் சிரித்துவிட்டார். இடுக்குகளுக்குச் சிமெண்ட் பூசிவிட்டு, “நாளைக்கு வெயில் ஏறுற வரைக்கும் ஒரு பய உள்ள கால வைக்கப்படாது, மொதலாளி. மிதிச்சா கல்லு ஒரு பக்கமா அமுங்கிப்போகும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, காரை உள்ளே விடுவதாக ஏற்பாடு. ஊரில் பாதிப் பேரை அழைத்திருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெட் வாசலில் முக்காலியைப் போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கம் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பாதையில் குலையோடு இரண்டு வாழைமரங்கள் கிடந்தன. ஷெட் வாசலில் கட்டச் சோலைமலை வெட்டிக்கொண்டு வந்தவை. அவற்றை அப்படியே விட்டது என் தவறு, அவற்றைப் பார்த்துத்தான் இன்று காலை காத்தமுத்து உங்களிடம் ஆள் அனுப்பினார்.

“மச்சான், இங்ஙன கெடந்த கல்லு எங்க?” என்பதுதான் கிணற்றுக்குள்ளிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி. அப்புறம், “ஒரு கை ஒடிஞ்சுபோச்சு. ஒத்தக் கையால உறையப் புடிச்சிட்டிருக்கேன். தண்ணி கெடக்கு. வெரசாக் கயிறு போடுங்க,” என்றான்.

“பொறு மாப்ள, இந்தா எடுத்துட்டு வாரேன்,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கயிறு பின்சுவரில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினேன். சிமெண்ட் இன்னும் கருநிறமாக ஈரத்தில் மின்னியது. கல் ஒவ்வொன்றும் மட்டம் பிசகாமல் கிடந்தது. அதை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். ஒரு காலைத் தூக்கினேன், வைக்க மனம் வரவில்லை. கொஞ்சம் காயட்டும் என்று முக்காலியில் உட்கார்ந்தேன்.

வீட்டில் வேறு கயிறு இல்லையா என்கிறீர்கள். வீட்டுக் கிணற்றில் இருந்தது. அதை அவிழ்த்தால் வள்ளி ஏன் என்று கேட்பாள், ஓடி வருவாள், கல் எங்கே என்பாள்.

நடுவில் காத்தமுத்து வந்தார். ஆமாம், தோளில் கயிற்றோடுதான் வந்தார், மாடு பிடிக்கப் போகிற வழியில். “சோலைமல இங்கிட்டு வந்தானா, அப்பு?” என்று கேட்டார். அவன் அப்போது கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சற்று ஓய்ந்திருந்தான். வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறிவிட்டான் என்றேன். அவரிடம் சொல்லியிருந்தால் சோலைமலை மேலே வந்திருப்பான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்த இடத்தில் போடு என்று காத்தமுத்து ஒற்றைக்காலில் நின்றிருப்பார். நடுக்கல்லைப் பெயர்த்தால் சுற்றியுள்ள கல்லெல்லாம் ஆடிப்போகும். அவருக்கு வாசலில் மோர் கொடுத்து அனுப்பினேன். தரையையும் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு சோலைமலை என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டான். அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தான். சின்னப் பிள்ளையில் கூப்பிட்டிருப்பானே, அந்த மாதிரி நீட்டி. வள்ளி அடுக்களையில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். தம்பியின் குரல் அவளுக்கு எந்தச் சத்தத்திலும் கேட்கும்.

கார் வாசலில்தான் நின்றது. ஏறி ஸ்டார்ட் செய்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். என்ன சத்தம் தெரியுமா அது, உடம்பெல்லாம் புல்லரிக்கும். ஒருமுறை காலை எடுத்துவிட்டுக் காது கொடுத்தேன். இன்னும் கூப்பிட்டான். மறுபடி மிதித்தேன். இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். குரல் சன்னமாக இருந்தது, ஆனாலும் கேட்டது. மறுபடி மிதித்தேன். நீங்கள் எழுதக் காத்திருந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வள்ளி கரண்டியோடு வெளியே வந்தாள். “ஏங்க, யாரோ அக்கா அக்கான்னு கூப்புட்ட மாதிரி இருந்துச்சே?”

“வண்டிச் சத்தம் புள்ள,” என்றேன்.

அவள் நம்பாமல் நின்றாள். ஆகவே அவளுக்காக எஞ்சினை அணைத்தேன். இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள் ஐயா, நான் அவளிடம் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.