தயானியின் புருஷன்

— கட்சி ஆபீசுல இம்புட்டு நேரம் என்னத்த விசாரிச்சாங்க, தயானி?

— இருங்க, செருப்பக் கழட்டிக்கிறேன். பதுளையிலேர்ந்து நின்னுக்கிட்டேதான் வந்தேன்.

— பிரதேச சபை உறுப்பினருக்கே பஸ்ஸுல சீட்டு இல்லயா? அப்ப என்னைய மாதிரி ஆளுங்க கூரை மேலதான் போகணும்.

— எழுந்து குடுத்தாங்க. நாந்தான் வேணாம்னேன்.

— அதான பாத்தேன். நான் கேக்குறேன், இந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல இத்தன வருசம் சங்கத் தலைவரா இருந்தேனே, ஜெயகுமார் வர்றான்னு எவனாச்சும் எழுந்தானா? எலக்சன்ல நின்னது நான். தொழிலாளிங்க குடியிருக்கிற லயம் லயமாப் போயி தொண்ட கிழியப் பேசினது நான்.

— ஆமாங்க. எனக்கு மேடையேறிப் பழக்கமே இல்ல. கட்சி குடுக்குற பட்டியல்ல பொம்பளைங்க பேரு கொறையுதுன்னு நீங்கதான என் பேரக் குடுத்தீங்க.

— எண்ணிக்கைக்குக் குடுத்தேன். நான் தோத்து, நீ பட்டியல் வழியா உள்ள போவேன்னு கனவா கண்டேன்?

— மொத கூட்டத்துல நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் பேசினேன்.

— அப்புறம்? கீழ் லயத்து மேட்டுல வெடிப்பு விட்டுருக்குன்னு சபையில எழுந்து கத்தினியே, அதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

— கேக்க நேரமில்லீங்க. மழ விடவே இல்ல. மீரியபெத்த மண்சரிவுல சித்தி மண்ணுக்குள்ள போனது கண்ணுல வந்துச்சு, வாய் தானாத் தெறந்துருச்சு. சனத்த ஸ்கூலுக்கு மாத்தினாங்க. மேடு சரிஞ்சு வந்தப்ப லயத்துல ஒரு உசுரும் இல்ல.

— அதுலேர்ந்து திருவிழாவுல மொத மாலை உனக்கு. சபைக்கு அடுத்த உப தவிசாளர் நீதான்னு இப்பவே பேச்சு. நேத்து கடைக்கார நிஸாம் வெலிமடைக்காரன் ஒருத்தனுக்கு என்னையக் காட்டி, இவருதான் தயானியோட புருஷன்னு சொல்றான். நான் கேக்குறேன், எனக்குப் பேரே இல்லயா?

— கோவிச்சுக்கிட்டீங்களா?

— சிரிச்சேன். வேற என்ன செய்யச் சொல்ற? அத விடு. பதவி இருக்கா, போச்சா?

— என்னையவும் ரோடு போடுற கொந்தராத்துக்காரரையும் சேத்து வச்சு ஒரு ஆளு அசிங்கமாப் பேசி, போன்ல சுத்துதுல்ல, அதப் போட்டுக் காட்டினாங்க.

— எல்லாரு முன்னாடியுமா?

— எல்லாரு முன்னாடியும். ஆம்பளைங்க தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் குனியல.

— எவனாச்சும் பொறாம புடிச்சவன் பேசிருப்பான்.

— தலைவரும் அதத்தான் சொன்னாரு. யாருன்னு அடையாளம் காட்டும்மா, கட்சிக்காரனா இருந்தா இன்னைக்கே நீக்கிட்டு பொலிசுல குடுத்துர்றோம்னாரு.

— நீ என்ன சொன்ன?

— இன்னொருக்கா போடச் சொன்னேன்.

— தயானி...

— முழுசாக் கேட்டேன். இந்தக் கொரல என் காதால கேட்டதே இல்லீங்கன்னு சொன்னேன். நம்பிட்டாங்க.

— நம்பிட்டாங்கல்ல? அப்ப சரி. முடிஞ்சுச்சு. நீ உக்காரு, நான் தேத்தண்ணி போடுறேன்.

— நான் பொய்யும் சொல்லலீங்க. இத்தன வருசம் குடும்பம் நடத்துறோம், உங்க வாயிலேர்ந்து அந்தக் கொரல இன்னைக்குத்தான் மொத மொதலாக் கேட்டேன்.